செப்டம்பருக்குள் விதைச்சுவிடு

அன்பு மகள் அறிவது,

நானும் கொப்பாவும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுறன். போன் எடுத்தால் "வேலையாய் இருக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" எண்டு வைச்சுவிடுகிறாய். அதுதான் எழுதுறன்.

இந்த என்வலப்புக்குள்ளை இருக்கிறது கிரேட்டர் நாப்வீட் எண்ட ஊதாப்பூக் காட்டுச்செடியின்ரை விதை. போன மாசம் நீ வட்ஸ்அப்பிலை போட்ட படத்திலை உன்ரை பின்வளவைப் பார்த்தன். புல்லுக்கை வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணக்கல் தெரியுது. விஞ்செஸ்டர்ப் பக்கம் சோக் நிலம்தானே. நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டின சென்ற் கத்தரீன்ஸ் ஹில்லும் அதே நிலம்தான். இந்தச் செடிக்கு அப்பிடித் தண்ணி நிக்காத சுண்ணாம்பு நிலம்தான் வேணும். இஞ்சை லண்டன் ஹரோவிலை எங்கடை களிமண்ணுக்குச் சரிவராது. ஆழமான தொட்டியிலை சரளையும் சோக் கல்லும் கலந்துதான் வளர்த்தன். களிமண்ணிலும் வாறது மற்றது, சாதாரண நாப்வீட். அதின்ரை இலை முழுசாய் இருக்கும். இதின்ரை இலை ஆழமாய்க் கிழிஞ்சு கிழிஞ்சு இருக்கும்.

மொட்டு வந்தால் கையிலை பிடிச்சுப் பார். பச்சைச் செதில்கள் ஒண்டுக்கு மேலை ஒண்டாய் அடுக்கி, ஒவ்வொண்டின்ரை விளிம்பிலையும் கறுப்பாய் மயிர் மாதிரித் தொங்கல். அதுக்குள்ளையிருந்து ஊதாப்பூ விரியும். சுத்திவர நீட்டிக்கொண்டு நிக்கிற பெரிய இதழுகள் விதை தராது. பூச்சியைக் கூப்பிடத்தான் அதுகள்.

செப்டம்பருக்குள்ளை விதைச்சுவிடு. வெயில் நல்லாய் விழுற இடமாய்ப் பார்த்து, புல்லை வேரோடை எடுத்து, மண்ணை றேக்காலை கிளறிவிட்டுத் தூவு. ஆழமாய்ப் புதைக்காதே, காலாலை மிதிச்சுவிட்டால் போதும். பசளை போடவேண்டாம். பசளை போட்டால் புல்லுத்தான் கொழுத்து இதை அமத்திப்போடும். கொம்போஸ்டும் வேண்டாம். உனக்கு எதுக்கும் பசளை போடுற பழக்கம், அதுதான் திருப்பியும் சொல்லுறன்.

முதல் வருஷம் இலை மட்டும்தான் இருக்கும். வரேல்லை எண்டு பிடுங்கிப்போடாதே. அடுத்த வருஷம்தான் ஜூன், ஜூலையிலை பூக்கத் தொடங்கும். ஆணிவேர் நல்லா ஆழத்துக்கு இறங்கிற செடி. ஊண்டினாப்பிறகு கிண்டி எடுத்து வேறை இடத்திலை வைச்சால் பிழைக்கிறது கஷ்டம். அதாலை, எங்கையும் மாறுற யோசனை இருந்தால் இப்ப விதைக்காதே, என்வலப்பை ஈரமில்லாத இடத்திலை வைச்சிரு.

பெரியம்மா போனிலை ஏதோ சொன்னா. நான் காதிலை போடேல்லை. ஆனால் உன்ரை படத்திலை ஒரு கார்தான் நிக்குது. கொப்பாதான் முதல் கண்டவர். கண்டிட்டு ஒண்டும் பேசேல்லை, அண்டு இரவு சாப்பிடவும் இல்லை. நீ உன்ரை உழைப்பிலை அந்த வீட்டை வாங்கினபோது நான் கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். இண்டைக்கும் சொல்லுவன். அதை வித்தாலும் வைச்சிருந்தாலும் எனக்கு ஒண்டுதான். எங்களுக்கு வேறை ஆக்கள் வந்து சொல்லுறதுதான் பொறுக்கேலாமல் இருக்கு.

ரெண்டாம் வருஷம் மாபிள்ட் வைட் வரும் பார், கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட வண்ணத்துப்பூச்சி. அதுக்கு நாப்வீட் எண்டால் உயிர். இந்த நாட்டிலை 1930களிலை இருந்த பூப்புல்வெளியிலை 97 வீதம் அழிஞ்சுபோச்சாம். உன்ரை வளவிலை ஒரு கதவளவு இடம் விட்டாலும் அதுகளுக்குப் பெரிய காரியம். பூ காய்ஞ்ச கையோடை வெட்டாதே. கோல்ட்ஃபிஞ்ச் குருவி வந்து விதையைக் கொத்தித் தின்னும். அது தின்டு முடிய வெட்டு. வெட்டினதை அங்கையே போட்டுவைக்காமல் அள்ளி எடு, கிடந்து உக்கினால் அதுவும் பசளைதான்.

கொண்ணனும் கனடாவுக்கு, வன்கூவருக்கு விதை கேட்டவன். அனுப்பமாட்டன் எண்டிட்டன். ஐரோப்பாவிலையிருந்து போன வேறை நாப்வீட் வகையள் அவன் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலை மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிப் பெருந்தொல்லை குடுக்குது. நீயும் அவனுக்கு அனுப்பிப்போடாதே.

மருமகனைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை, நீயும் எழுதவேண்டாம். தனிய இருக்கிறியோ எண்டதை மட்டும் சொல்லு. இரவிலை என்ன சாப்பிடுகிறாய்? பாணும் பாலுமாய்ப் படுக்காதே.

சனிக்கிழமை கொப்பா காரை எடுக்கிறன் எண்டுறார். மண் கிண்டுற முள்ளும் றேக்கும் டிக்கியிலை போட்டாச்சு. மீன்குழம்பும் புட்டும் கொண்டு வருவன். மத்தியானம் விதைச்சுப்போட்டுப் பின்னேரமே திரும்பலாம், இல்லையெண்டால் நான் நிண்டுகொள்ளுவன், அவர் மட்டும் போகட்டும். வரட்டோ வேண்டாமோ எண்டு வெள்ளிக்கு முன்னம் ஒரு மெசேஜ் போடு.

அம்மா