மில் தூசி என்று சொன்ன இருமல்

பட்டாளம், சென்னை – 12

அன்புள்ள குமரனுக்கு அப்பா எழுதுவது.

இங்கிலாந்து விசாவுக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் பழைய தழும்பு ஒன்று தெரிவதாகவும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்பதாகவும் நீ பெங்களூரிலிருந்து போனில் சொன்னபோது, "நம்ம வீட்ல யாருக்கும் அதெல்லாம் வந்ததே இல்லப்பா" என்று உன் அம்மா மூச்சு விடாமல் பதில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன், மறுத்துப் பேசவில்லை. அவள் சொன்னது பொய். 1994-இல் எனக்குக் காசநோய் இருந்தது. உனக்கு அப்போது நாலரை வயது.

அதற்கு முந்தைய ஐப்பசியிலேயே இருமல் தொடங்கிவிட்டது. நான் அப்போது மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் பதிலித் தொழிலாளி, வராதவருக்குப் பதிலாக வேலை பார்ப்பவன். அங்கே வேலை செய்கிறவன் இருமினால் ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள். பஞ்சுத் தூசி என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் உடம்பு சுட்டது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அப்போதும் தூசி என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஊருக்குச் சொல்ல ஒரு பொய் தயாராக இருந்ததில் உள்ள ஆபத்து என்னவென்றால், மூன்று மாதம் அதை நானே நம்பினேன். தை மாதம் சளியில் இரத்தம் வந்த பிறகுதான் பயம் வந்தது.

அதே தையில்தான் உன் அத்தைக்கு நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர். எங்கள் வரிசையிலேயே ஒரு பெண்ணின் அண்ணனுக்கு 'டிபி' என்று தெரிந்ததும், தட்டு மாற்றிய சம்பந்தம் மூன்றாம் நாள் முறிந்து போனதை நாங்கள் பார்த்திருந்தோம். ஆகவே இது நான்கு சுவருக்குள் இருக்கட்டும் என்று நானும் உன் அம்மாவும் ஒரே இரவில் முடிவு செய்தோம். தொழிலாளர் காப்பீட்டு ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போயிருந்தால் காசநோய்க்கென்று உள்ள நீடித்த நோய்ச் சலுகைப் பணம் கிடைத்திருக்கும். ஆனால் அங்கே வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நிற்கப் போகிறவர்கள் என் மில் ஆட்களே. பக்கத்தில் இருந்த ஸ்டான்லிக்குப் போனாலும் தெரிந்த முகங்கள்தான். யாரும் என்னைத் தெரிந்து வைத்திராத சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்துக்குப் போனேன். மில் வேலை நிரந்தரம் ஆகும் என்று காத்திருந்ததும் ஒரு காரணம். அந்த மில் 1996-இல் மூடப்பட்டது, அது வேறு கதை.

அங்கே காசநோய்க்குக் கொடுத்த ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சளாக்கிவிடும். ஆறு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை உள்ள ஸ்டோர் வீட்டில் அதை எப்படி மறைப்பது? உன் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கே என்னை எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டு, குடத்துடன் வாசலில் நிற்பாள். அடி பம்பில் ஒரு குடத்துக்குச் சண்டை போட்ட காலம் அது. அந்தக் குடத்தில் பாதியை என் நிறத்தைக் கழுவவே ஊற்றிவிடுவாள். ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல்.

உனக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்: எனக்கென்று ஒதுக்கி, விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்த எவர்சில்வர் டம்ளர். ஒரு நாள் நீ அதில் தண்ணீர் குடித்ததற்காக அம்மா உன்னைத் துடைப்பத்தால் அடித்தாள். வளர்ந்த பிறகும் இரண்டு முறை அந்த அடியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், இரண்டு முறையும் நாங்கள் பேச்சை மாற்றினோம். டம்ளரால் காசநோய் ஒட்டாது. இருமும்போது காற்றில்தான் பரவும். மாத்திரை சாப்பிடத் தொடங்கியவனைவிட, தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருமுகிறவனால்தான் வீட்டுக்கு ஆபத்து அதிகம். மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாலும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும், வீட்டாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்றும் உலகத்துக்கே காட்டிய ஆய்வை 1950-களில் அந்தச் சேத்துப்பட்டு மையம்தான் நடத்தியது. அப்படியானால் கணக்கு இதுதான்: ஐப்பசி முதல் தை வரை ஒவ்வோர் இரவும் நீ என் மார்பில் தலை வைத்துத் தூங்கினாய். அப்போது யாரும் உன்னை அடிக்கவில்லை.

இதுவரை சொன்னது என் வியாதி. இனிமேல் சொல்வதுதான் என் குற்றம். குழந்தையை அழைத்து வாருங்கள், பார்த்துவிட்டுத் தேவையானால் தடுப்பாக ஐசோனியசிட் மாத்திரை கொடுக்கலாம் என்று அங்கே எனக்குச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நாலரை வயதுப் பிள்ளை எங்கே போனோம் என்பதைத் தெருவில் சொல்லாமல் இருக்குமா? அத்தையின் கல்யாணம் வைகாசியில் முடியட்டும் என்று தள்ளினோம். வைகாசியும் வந்து போயிற்று, நீயும் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாய், அந்தப் பேச்சை அதன்பின் இருவருமே எடுக்கவில்லை. வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோம். அந்த வீட்டில் உன்னை நாங்கள் எண்ணவில்லை.

உன் தழும்பு என்னிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது; இந்த ஊரில் பஸ்ஸிலும் அந்த நோய் ஒட்டும். ஆனாலும் டாக்டரிடம் இப்படிச் சொல்: தந்தைக்கு 1994-இல் சளியில் கிருமி இருந்தது, ஆறு மாதச் சிகிச்சையை முழுதாக முடித்தார், திரும்ப வரவில்லை, எனக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கப்படவில்லை. மூன்று நாள் காலைச் சளி கேட்டால் கொடு. அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிவு சொல்ல எட்டு வாரம் ஆகலாம், வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேள். இருமல் இல்லை என்று நீயாக எதையும் விட்டுவிடாதே.

அத்தைக்கு இன்றுவரை தெரியாது. வரும் ஞாயிறு நானே திருவொற்றியூர் போய்ச் சொல்லப் போகிறேன்.

போன் வந்த அன்று இரவு உன் அம்மா தூங்கவில்லை. காலையில் தகரப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவையின் மடிப்பிலிருந்து என் சிகிச்சை அட்டையை எடுத்து ஒன்றும் பேசாமல் என் முன்னால் வைத்தாள். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதிகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. பெயர் இருந்த மூலை மட்டும் இல்லை. டாக்டர் கேட்டால், அதை அம்மா கிழித்துவிட்டாள் என்று சொல்.

அப்பா