பால் ஊறவில்லை என்று சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதை மண்டபம், பாம்பன் பகுதியில் கேள்விப்படாத தாய்மார் அரிது. ஆனாலும் சேனை என்று பிள்ளையின் நாவில் இனிப்பு தொட்டு வைக்க வரும் பெரியவர்களைத் தடுக்க, பெற்றெடுத்த களைப்பில் கிடக்கும் பெண்ணால் முடிவதில்லை. முதலில் சீனித் தண்ணீர், பிறகு கழுதைப்பால், கடைசியில் ‘பால் ஊறவில்லை’ என்று புட்டிப்பால். முதல் சில நாள் சுரக்கும் சீம்பால் கொஞ்சம்தான் இருக்கும். பச்சிளம் வயிற்றுக்கு அதுவே போதும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இதை மாமியாருக்கும் சேர்த்து எடுத்துச் சொல்லப் பிரசவ வார்டிலேயே ஆள் வேண்டும்.

தாய்ப்பால் தடைபட அதைவிடப் பெரிய காரணம் பிழைப்பு. அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு உண்டு. கடல்பாசி எடுக்கவும் கருவாடு காயவைக்கவும் போகிற பெண்ணுக்கு ஏது? கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்குகிறவள், பிள்ளைக்குப் பசிக்கும் நேரத்தில் கரையேற முடியாது. உப்புநீர் சொட்டும் சேலையோடு ஓடி வந்து, குடத்தில் மிஞ்சிய நல்ல தண்ணீரில் மார்பைக் கழுவிவிட்டுப் பால் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது தமிழக அரசு. மீன் இறங்குதளங்களிலும் அப்படி ஓர் அறை, குடிநீர் வசதியோடு வேண்டும். மகப்பேறு உதவித்தொகையும் இந்தப் பெண்கள் வேலைக்குப் போகாத மாதங்களிலேயே தவறாமல் கைக்கு வந்துசேர வேண்டும்.

– ஒரு வாசகி, மண்டபம்