வண்டி உள்ளே வர வழி இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் பள்ளியில் தீயணைப்பு வீரர்கள் செயல்விளக்கம் காட்டினார்கள். எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கால் மூடி அணைத்ததும் பிள்ளைகள் ஒரே கைதட்டல். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் வண்டி ரோட்டிலேயே நின்றது. முன்னாள் மாணவர்கள் ஆசையாகக் கட்டிக்கொடுத்த நுழைவு வளைவுக்குள் அது நுழையாது!

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கீற்றைப் பிரித்தோம், மணல் வாளி மாட்டினோம். கிராமத்துக்கு அது போதாது. நிலையம் தூரம், வண்டி வரும்வரை டீச்சர்களும் சத்துணவு அக்காவும்தான் எல்லாம். 108-க்குப் பேசினால் அடையாளம் கேட்பார்கள். ‘புளியமரத்து ஸ்டாப்’ என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜூனில் பள்ளி திறந்ததும் தீயணைப்பு நிலையத்தார், 108 ஓட்டுநர், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் எல்லோரையும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, பள்ளியை ஒருமுறை சுற்றிவரச் செய்ய வேண்டும். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது, பின்கதவுச் சாவி யாரிடம், பிள்ளைகளை எங்கே நிறுத்தித் தலை எண்ணுவது, பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கும் என்பதை அங்கேயே பேசி முடிக்கலாம். அப்புறம், மைதானத்துப் பக்கம் அகலமான கேட் ஒன்று. பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்