மேரி, உன்னைக் கோழை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை

அன்புள்ள மேரி வாரன்,

1692இல் அமெரிக்காவின் சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றிய நாடகம் ஆர்தர் மில்லரின் ‘தி குருசிபிள்’. அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் விவசாயி ஜான் பிராக்டரின் மன உறுதியைப் பற்றிப் பேசுவார்கள். இல்லாவிட்டால், பொய்க் குற்றச்சாட்டுகளை முன்னின்று கிளப்பிய அபிகெய்லைத் திட்டுவார்கள். உன் பேச்சு வந்தால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: கோழை. உண்மையைச் சொல்ல வந்து, பாதியில் பயந்து, எஜமானையே காட்டிக்கொடுத்த வேலைக்காரப் பெண். அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சேலத்தில் உன் நிலை என்ன? பிராக்டர் வீட்டில் எடுபிடி வேலை செய்யும் பெண். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் சாட்டை. அப்படிப்பட்ட நீ இரண்டாம் அங்கத்தில் சூனியக் குற்றம் சாட்டும் பெண்களில் ஒருத்தியாக நாள் முழுதும் நீதிமன்றத்தில் உட்கார்ந்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறாய். பிராக்டர் சாட்டையை எடுக்கிறார். இன்று உங்கள் மனைவி எலிசபெத் அம்மாளின் உயிரைக் காப்பாற்றியதே நான்தான் என்கிறாய் நீ. சாட்டை இறங்கவில்லை. எனக்கு 18 வயதாகிவிட்டது, தூங்கப் போ என்று இனி யாரும் என்னை விரட்டக் கூடாது என்றும் சொல்கிறாய். பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு பெரிய மனிதர் உன் சொல்லுக்கு அஞ்சுகிறார். அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருவதற்கு முன் இரக்கம் வந்துவிடுகிறது.

அதே காட்சியில் ஆஸ்பர்ன் என்ற ஏழைக் கிழவியைப் பற்றிச் சொல்கிறாய். வாசலில் பிச்சை கேட்டு நின்ற கிழவி எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனாள், பிறகு உனக்கு வயிறு வலித்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நீதிமன்றத்தில் அவள் எதிரே உட்கார்ந்தபோது முதுகில் ஏதோ குளிர்ச்சி ஏறுகிறது, நீ அலறுகிறாய், ‘எல்லாம்’ நினைவுக்கு வருகிறது. முணுமுணுத்தது என்ன என்று கேட்கிறார்கள். பத்துக் கட்டளைகள் என்கிறாள் அந்தப் பிச்சைக்காரி. சொல் பார்க்கலாம் என்கிறார்கள். ஒன்றுகூட வரவில்லை. அவள் கதை முடிந்தது. நீ திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை, மேரி. என்றைக்கோ வந்த வயிற்று வலி, கேட்க ஆள் கிடைத்ததும் சாட்சியமாகிவிட்டது. அபிகெய்லின் பொய்யைவிட இது என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. அபிகெய்லுக்குத் தான் பொய் சொல்கிறோம் என்று தெரியும்.

மூன்றாம் அங்கத்துக்கு வருகிறேன். கைதான மனைவியைக் காப்பாற்ற பிராக்டர் உன்னை நீதிமன்றத்துக்கு அழைத்து வருகிறார். ஆவி எதையும் நான் பார்க்கவில்லை, எல்லாம் பாசாங்கு என்று துணை ஆளுநர் டான்ஃபோர்த் முன் சொல்கிறாய். பாசாங்கு என்றால் இப்போது இங்கேயே மயங்கி விழுந்து காட்டு என்கிறார்கள். உன்னால் முடியவில்லை. சுற்றிலும் பெண்கள் கூச்சலிட்டபோது வந்த மயக்கம், யாரும் கூச்சலிடாமல் ஆண்கள் கேள்வி கேட்கும் அறையில் எப்படி வரும்? ஏன் அன்று மயங்கினாய் என்பதற்கு நீ தரும் பதிலை யாரும் காதில் வாங்கவில்லை. மற்றப் பெண்கள் அலறினார்கள், ஐயா, நீங்களும் அவர்களை நம்புவதுபோல் தெரிந்தது, அதனால் நானும் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன் என்கிறாய். நாடகம் முழுவதிலும் இதைவிட உண்மையான சாட்சியம் கிடையாது. நீதிபதியின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பொய் அது என்று அந்த நீதிபதியிடமே சொல்லிவிட்டாய். அவர் அதை ஏற்றுக்கொண்டால் முதல் குற்றவாளி யார்?

அவர் எப்படி ஏற்பார்? அவர் கையெழுத்தால் ஏறக்குறைய 400 பேர் சிறையில் இருக்கிறார்கள், 72 பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அவருடைய சட்ட வாதமும் கச்சிதமானது. சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம். அதைக் கண்டவர்கள் சூனியக்காரியும் பாதிக்கப்பட்டவரும் மட்டுமே. சூனியக்காரி தன்னைத் தானே காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆகவே பாதிக்கப்பட்டவர் சொல்வதே ஆதாரம். இந்த வாதத்துக்குள் நுழைந்த நிரபராதி வெளியே வர வழி இல்லை. அபிகெய்ல் உத்தரத்தில் மஞ்சள் பறவை இருப்பதாகக் கத்துகிறாள், மற்றவர்கள் நீ சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லி உன்னை ஏளனம் செய்கிறார்கள், ஒப்புக்கொள், இல்லையேல் தூக்கு என்று டான்ஃபோர்த் மிரட்டுகிறார். நீ பிராக்டரைச் சாத்தானின் ஆள் என்று கைகாட்டுகிறாய். உடனே அபிகெய்ல் உன்னை அணைத்துக்கொள்கிறாள். எத்தனை பேர் அந்த அணைப்பை மறுத்திருப்பார்கள்?

சற்று முன்புதான் எலிசபெத்தை அழைத்து, உன் கணவர் அபிகெய்லோடு தவறு செய்தாரா என்று கேட்டிருந்தார்கள். பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று பிராக்டர் சத்தியம் செய்த அந்த அம்மாள், கணவரின் மானத்தைக் காக்க இல்லை என்றார். அன்று அங்கே சொல்லப்பட்ட அன்பான பொய் அது ஒன்றுதான். அதையும் டான்ஃபோர்த் பிராக்டருக்கு எதிராகவே பயன்படுத்தினார்.

மேரி, மேடைக்கு வெளியே நிஜ சேலத்திலும் நீ வாழ்ந்திருக்கிறாய். 1692 ஏப்ரலில், மற்றப் பெண்கள் பாசாங்கு செய்கிறார்கள் என்று வாய் திறந்தவள் நீ. உடனே அவர்கள் உன்னையே சூனியக்காரி என்றார்கள், விசாரணை, சிறை. சிறையில் இருந்தபோது, அந்த நாட்களில் என் மூளை கலங்கியிருந்தது, நூறு பேரின் உருவங்களைக் கண்டதாக நினைத்தேன் என்று நீ சொன்னதாகப் பிறர் சாட்சி சொன்னார்கள். கடைசியில் நீயும் குற்றம்சாட்டுபவர் வரிசைக்கே திரும்பினாய். அந்த ஆண்டு தூக்கில் தொங்கிய 19 பேரில், ஒப்புதல் வாக்குமூலத்தில் உறுதியாக நின்றவர் எவரும் இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு மறுத்த சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலிடப்பட்டார். பொய்யில் நிலைத்து நின்றவர்கள் பிழைத்தார்கள். இந்தக் கணக்கைச் சேலத்துச் சிறுபிள்ளைகளும் புரிந்துகொண்டிருப்பார்கள்.

மில்லர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. நிஜத்தில் அபிகெய்லுக்கு 11 அல்லது 12 வயது, பிராக்டருக்கு ஏறக்குறைய 60. மில்லர் அவளைப் பெரியவளாக்கி, அவரை இளையவராக்கி, இடையில் கள்ள உறவை வைத்தார். இதனால் நாடகம் சூடுபிடித்தது. ஆனால் இத்தனை அழிவுக்கும் ஒரு பெண்ணின் ஆசையே காரணம் என்று பார்ப்பவர் எண்ணிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது. அயலான் தூக்கிலேறினால் அவன் நிலத்தை வாங்கப் பணத்தோடு காத்திருக்கும் தாமஸ் பட்னம் பின்னுக்குப் போய்விடுகிறார். நிஜ பிராக்டரின் வீட்டில் நடந்ததைக் கேள். விசாரணைக்கு முன்பே ஷெரீஃப் வந்து உடைமைகளை அள்ளிச் சென்றார். பீரைக் கீழே கொட்டிவிட்டு பீப்பாயையும், கஞ்சியைக் கொட்டிவிட்டுப் பானையையும் எடுத்துப் போனார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஜூலை 23 அன்று பிராக்டர் சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்குக் கடிதம் எழுதினார். தன் மகன் வில்லியமின் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் இரத்தம் கொட்டும்வரை வைத்திருந்ததை அதில் சொல்லி, வழக்கை பாஸ்டனுக்கு மாற்றுங்கள் அல்லது நீதிபதிகளை மாற்றுங்கள் என்று கெஞ்சினார். ஆகஸ்டு 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த மனிதரின் சாவில் உன் சாட்சியமும் கலந்திருக்கிறது, மேரி. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் பொய்யை விலைகொடுத்து வாங்கியவர்களை விட்டுவிட்டு, விற்றவளை மட்டும் ஏசுவதற்கு நான் தயாராக இல்லை. 1953இல் இந்த நாடகம் மேடையேறியபோது, அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களிடம் நண்பர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1956இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு மில்லரையே அழைத்துக் கேட்டது. அவர் பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்தார். நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. 1958இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அவரை நான் மிகவும் மதிக்கிறேன். அப்போது அவர் உலகம் அறிந்த எழுத்தாளர். பெயர்களைச் சொல்லிவிட்டுப் பிழைத்த பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நான்காம் அங்கத்தில் நீ மேடைக்கே வருவதில்லை. அபிகெய்ல் மாமாவின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்ட செய்தி வருகிறது. தூக்கைத் தள்ளிப்போடுங்கள் என்று போதகர் ஹேல் மன்றாடுகிறார். இதே குற்றத்துக்காக ஏற்கெனவே 12 பேரைத் தூக்கிலிட்ட பிறகு இவர்களை எப்படி மன்னிப்பது என்கிறார் டான்ஃபோர்த். பிராக்டர் தன் பெயருக்குக் களங்கம் வரக் கூடாது என்று வாக்குமூலத்தைக் கிழித்துப் போடுகிறார். அவர் காப்பாற்ற நினைத்த பெயருக்குப் பின்னால் நிலம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், ஊரார் மதிப்பு இருந்தது. சாட்டைக்குப் பயந்து வாழ்ந்த உனக்கு அப்படி ஒரு பெயரைச் சேலத்தில் யார் கொடுத்தார்கள், மேரி?

அன்புடன்,
உன் வாசகர்