படத்தில் இருப்பவரின் முதுகில் கயிறு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அங்கே மான் வேட்டைக்குப் போவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆர்வமாகப் படித்தேன். பொதுக் காட்டில் வேட்டையாட விரும்புகிறவர் மரத்தில் ஏறி உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்க 'கிளைம்பர்' எனும் ஏறு பரண் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே பெரிய படம். ஓக் மரத்தில் ஏறக்குறைய 20 அடி உயரத்தில் ஒருவர் வில்லோடு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவர் உடம்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கயிறுகூட இல்லை. அன்று சாயங்காலம் வரை அந்தப் படம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 68. பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். என் மகளும் மாப்பிள்ளையும் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் நகருக்கு அருகில் இருக்கிறார்கள். 2017-லிருந்து, இடையில் கோவிட் காலத்தைத் தவிர, அக்டோபர் மாதத்தில் அங்கே போய்விடுவேன். அந்த மாநிலத்தில் வில் வேட்டை அக்டோபர் 1-ல் தொடங்கி நவம்பர் 14 வரை நடக்கும். 15-ஆம் தேதி துப்பாக்கி சீசன் ஆரம்பமாகிவிடும். நான் வில்லோடு சரி. 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பாடம் முடித்த சான்றைக் காட்ட வேண்டும். நான் அதற்கு முன்னால் பிறந்தவன் என்பதால் கேட்கவில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை என்னை அந்தப் பாடத்தைப் படிக்க வைத்தார். அதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

நாங்கள் போகும் இடம் ஹியூரான் மனிஸ்டீ தேசிய வனம். ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர். நம் பினாங்குத் தீவையும் எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையையும் சேர்த்தாலே 1,048 சதுர கிலோமீட்டர்தான். அந்த வனத்துக்குள் மூன்று பினாங்கை வைத்தாலும் இடம் மிஞ்சும். அது அரசாங்க நிலம், உரிமம் வைத்திருக்கும் யாரும் வேட்டையாடலாம். பரண் வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். சொந்த நிலம் என்றால் ஏணிப் பரணை ஒரு மரத்தில் சாத்திக் கட்டி அப்படியே விட்டு வைக்கலாம். பொதுக் காட்டில் அது அவ்வளவு எளிதில்லை. மிச்சிகனில் பொது நிலத்து மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, திருகு படி முடுக்கக் கூடாது, பட்டையைத் துளைக்கும் எதையும் பயன்படுத்தக் கூடாது. விட்டு வைக்கும் பரணில், கீழே நின்று படிக்கும் அளவுக்கு உரிமையாளரின் அடையாளம் எழுதியிருக்க வேண்டும். பெயர் எழுதிவிட்டதால் அந்த இடம் நமக்கே சொந்தம் ஆகிவிடாது. வேறு ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த மரம் தேட வேண்டியதுதான். சில மாநிலங்களின் பொது நிலங்களில் அன்றன்றே கழற்றி எடுத்துப் போக வேண்டும். திருட்டும் உண்டு. வாரக்கணக்கில் வெளியில் கிடந்தால் வெயிலும் மழையும் பரணைக் கட்டும் நாடாப் பட்டையை நைய வைக்கும், அணில் கடிக்கும்.

ஆகவே தோளில் தூக்கிக்கொண்டு போய், தோளிலேயே திரும்பக் கொண்டுவரக் கூடிய பரண்தான் வேண்டும். இதுவரை கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குப் பிறகுதான்.

ஏறு பரண் இரண்டு துண்டாக இருக்கும். மேலே உட்காரும் சட்டம், கீழே கால் வைக்கும் தட்டு. இரண்டும் வளைந்த கம்பிவடத்தால் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும். மேல் சட்டத்தில் உட்கார்ந்து காலால் கீழ்த் தட்டை இழுத்துக்கொள்ள வேண்டும், பிறகு நின்றுகொண்டு மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். புழு நகர்வது மாதிரி மேலே போகலாம். மரத்தில் கட்டி ஏறும் படிக் கழி எதுவும் தனியாக வேண்டாம். மாப்பிள்ளையின் பரணைக் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 9 கிலோ. வசதியானதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு மரம் வாய்க்க வேண்டும். கீழிருந்து 20 அடி வரை கிளையில்லாமல், கம்பம் போல நேராக நிற்கும் மரம். மான் வரும் தடத்துக்குப் பக்கத்தில், காற்று நம் முகத்தில் அடிக்கும் திசையில், அப்படி ஒரு மரம் எத்தனை இருக்கும்? ஓக் மரத்தில் பத்தடியிலேயே கிளை வந்துவிடும். பீச் மரத்தின் பட்டை வழுவழுப்பு, பனி படர்ந்தால் கம்பிவடம் நழுவும். ஹிக்கரியில் ஒரு வகை, பட்டை செதில் செதிலாக உரிந்து கையோடு வரும். இன்னொன்று, மரம் மேலே போகப் போக மெலியும். தரையில் தட்டைச் சமமாக வைத்துக் கட்டினால் மேலே போனதும் முன்பக்கம் சரிந்துவிடும். அதனால் கீழேயே முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பது பழக்கத்தில்தான் வரும். புதிதாகப் போகிறவருக்கு இது தெரியாது, கட்டுரையும் சொல்லவில்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். இரண்டாவது வருடம் இரவல் வாங்கிய ஏறு பரணில் போனேன். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்கும் கயிறு ஒன்று உண்டு. இருட்டில் அதைக் கட்டாமல் விட்டுவிட்டேன். சுமார் 14 அடி உயரத்தில் திரும்பி உட்காரும்போது காலின் பாரம் தட்டிலிருந்து விலகியது. தட்டு கழன்று தடதடவென்று மரத்தடிக்குப் போய்விட்டது. மேல் சட்டத்தில் கால் தொங்க உட்கார்ந்திருந்தேன். உடம்பில் ஹார்னஸ் எனும் பாதுகாப்பு வார்க்கச்சை பூட்டி, தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிய வாரில் மாட்டியிருந்ததால் பதற்றம் இல்லாமல் தொலைபேசியில் கூப்பிட முடிந்தது. மாப்பிள்ளை படிக் கழிகளைக் கொண்டுவந்து இறக்க 40 நிமிடம் ஆனது. "மாமா, கயிறு இருந்ததால் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அன்று எனக்கு என் அப்பாதான் நினைவுக்கு வந்தார். 1968-ல் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு மரவள்ளித் தோட்டம் இருந்தது. ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும். அப்பா ஒரு செம்படாக் மரத்தில் மூங்கிலால் பரண் கட்டி, தகர டின்னைத் தட்டிக்கொண்டு காவல் இருப்பார். நம் முன்னோர் தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவல் இருந்த கதைதான், மலேயாவில் மரவள்ளிக்கு ஆனது. இரவு முழுக்க அந்தப் பரணில் இருந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு, நேரமாயிற்று என்று அவசரமாக இறங்கும்போது, கயிற்றால் கட்டிய படி இற்றுப்போய் அறுந்தது. பன்னிரண்டடிதான் இருக்கும். இடுப்பெலும்பு போய்விட்டது. அதன் பிறகு அவரால் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போக முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒதுக்கிய மர நிரையையும் அம்மா ஒருத்தியே வெட்டினார். எனக்கு அப்போது பதினொரு வயது.

பாதுகாப்புப் பாடத்தில் இதையேதான் சொன்னார்கள். பரணில் உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும் விழுகிறவர்களே அதிகம். பரண் வாங்குகிறவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தரையில் கால் எடுத்த நொடியிலிருந்து திரும்பத் தரையில் கால் வைக்கும் வரை இதில் நான் கட்டப்பட்டே இருக்க முடியுமா என்பதுதான். மெத்தை எவ்வளவு தடிப்பு, கையை வைக்கச் சட்டம் உண்டா என்பதெல்லாம் அப்புறம்.

நான் இப்போது பயன்படுத்துவது தொங்கு பரண். சின்ன இருக்கையும் தட்டும் ஒரே சட்டத்தில் இருக்கும், நாடாப் பட்டையால் மரத்தோடு இறுக்கிவிடலாம். ஏறுவதற்கு நான்கு படிக் கழிகள், ஒவ்வொன்றையும் தனித் தனிப் பட்டையால் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து 11 கிலோ. ஏறு பரணைவிட 2 கிலோ கூடுதல், கட்டி முடிக்கவும் கூடுதல் நேரம். ஆனால் கிளையுள்ள மரத்திலும் கோணல் மரத்திலும் ஏறலாம், அதனால் மான் வரும் இடத்துக்கு நான் போகலாம். படிக் கழி கட்டும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். அப்போது இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு கயிறு, மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் கட்டுவது போன்றது. எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைக்காகத் தென்னை ஏறியவர் காலில் தளைநார் இல்லாமல் மரத்தைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. இந்த இடுப்புக் கயிற்றை முதல் முறை கட்டியபோது அவர்தான் கண்முன் வந்தார்.

மாப்பிள்ளை இரண்டு வருடமாகச் சேணத்துக்கு மாறிவிட்டார். 'சேடில்' என்கிறார்கள். இருக்கையே கிடையாது. இடுப்பிலும் தொடையிலும் சுற்றிய துணிச் சேணத்தில், மரத்தைப் பார்த்தபடி கயிற்றில் சாய்ந்து நிற்பது. கால் வைக்கச் சின்னத் தட்டு மட்டும். படிக் கழியோடு சேர்த்து 7 கிலோ. ஏறும்போதும் கயிறு, இருக்கும்போதும் கயிறு. இளவயதுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். என் முழங்காலுக்கு மூன்று மணி நேரம் சாய்ந்து நிற்பது ஒத்துவரவில்லை.

எடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பரணில் 300 பவுண்டு தாங்கும், அதாவது 136 கிலோ, என்று எழுதியிருந்தால் அது நம் உடம்பு எடை மட்டும் அல்ல. குளிர் உடுப்பு, பூட்ஸ், வில், பை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்கு. ஹார்னஸும் உடம்பு முழுவதும் பூட்டும் வகையாக இருக்க வேண்டும், நெஞ்சில் ஒற்றை வார் போடுவது உதவாது. விழுந்து தொங்கினால் தொடை வார் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும், சில நிமிடங்களே ஆபத்தாகலாம். காலை வைத்து எழும்பி நிற்க ஒரு வளைய வார் கூடவே இருக்க வேண்டும். அதை நான் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வில்லைத் தோளில் மாட்டி ஏறக் கூடாது. மேலே போய் உட்கார்ந்து கட்டிக்கொண்ட பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம்.

சத்தத்துக்கு என் வைத்தியம் ஒன்று உண்டு. அலுமினியக் கழி இரண்டு உரசினால் குளிர் காலையில் மணி அடித்த மாதிரி கேட்கும். பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் தூக்கிப் போடும் பழைய டியூபை வாங்கி, நீளமாக வெட்டி, பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறேன். கழியைச் சுற்றிக் கட்டினால் சத்தமே இல்லை. மாப்பிள்ளையின் வெள்ளைக்கார நண்பர்கள் இருவர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கட்டுரையைப் படித்துவிட்டு, சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் அண்ணன் மகனும் தொலைபேசியில் கூப்பிட்டான். "சித்தப்பா, இணையத்தில் பரண் ஒன்று மலிவாக இருக்கிறது, இங்கே செம்பனைக் காட்டில் பன்றிக்கு வைக்கலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் அடிமரம் முழுக்க வெட்டிய மட்டையின் அடிக்கட்டைதான். பரணின் நாடாப் பட்டை பிடிப்பது மரத்தை அல்ல, அந்தக் கட்டையை. அது உளுத்து எப்போது உதிரும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு, 2010-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி வேட்டைக்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் அனுமதி தனி. நிலத்துக்காரர் சம்மதமும் வேண்டும்.

ஆசிரியர் ஐயா, அந்தக் கட்டுரையை எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். அடுத்து இதே பக்கத்தில் பரண் பற்றி ஏதாவது வெளியிட்டால், ஹார்னஸ் பூட்டி, வார் தலைக்கு மேலே மரத்தில் மாட்டியிருக்கும் ஒருவரின் படத்தைப் போடுங்கள். உங்களிடம் அப்படிப் படம் இல்லையென்றால் தெரிவியுங்கள். அக்டோபரில் மாப்பிள்ளை மரத்தில் இருக்கும்போது நானே எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளியின் மகன்,
நிபோங் திபால், பினாங்கு