சாய்தளத்தை யார் அளந்து பார்த்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது மருத்துவமனையின் வரைபடம் அனுமதிக்கு வந்தால் எத்தனை மாடி, எத்தனை படுக்கை, எத்தனை கார் நிறுத்தலாம் என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஓடுகிறது. கட்டடத்தைச் சுற்றியுள்ள இடம் வெறும் பச்சை வண்ணமாக இருக்கும். அந்தப் பச்சைக்குள் என்ன வரப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

இடுப்பு எலும்பு முறிந்த என் அம்மாவை மாதக்கணக்கில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வந்திருக்கிறேன். கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல் வரை பொட்டு நிழல் கிடையாது. சாய்தளம் இருந்தது, ஆனால் ஒருவராகச் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியாத அளவுக்குச் செங்குத்து. ஒவ்வொரு முறையும் அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும் என்பது பல நாடுகளின் விதிகளில் உள்ள கணக்கு. வரைபடத்தைப் பரிசீலித்தவர்கள் அந்த ஒரு கோட்டை அளந்திருந்தாலே போதும்.

1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாகச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள்; கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆனால் ஜன்னல் எதைப் பார்த்து இருக்கும் என்பது தள வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. சுவர் எழும்பிய பிறகு கட்டடத்தைத் திருப்பி வைக்க முடியாது. பின்லாந்தில் பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த ஆல்வார் ஆல்டோ இதை அன்றைக்கே உணர்ந்திருந்தார். 1933இல் திறந்த அந்தக் கட்டடத்தில், நோயாளிகள் பைன் காட்டைப் பார்த்தபடி வெயிலிலும் காற்றிலும் படுத்திருக்கத் தனி மாடங்களே இருந்தன.

சரி, மரம் நட்டுவிட்டால் போதுமா? போதாது. அரளி பார்க்க அழகு, பராமரிப்பும் குறைவு. ஆனால் இலை முதல் வேர் வரை நஞ்சு, குழந்தைகள் வரும் இடத்தில் அது வேண்டாம். காற்றில் மகரந்தம் பறக்கவிடும் மரங்கள், குளிர்சாதனத்துக்குக் காற்று இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாது. மக்கும் இலையிலும் ஈர மண்ணிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். ஆரோக்கியமாக இருப்பவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, எதிர்ப்பு சக்தி இழந்த புற்றுநோயாளிக்கு உயிராபத்து. திரவ ஆக்சிஜனை இறக்கும் இடத்தில் தார்த் தரை போடக் கூடாது, சருகும் சேரக் கூடாது. தார்மேல் ஆக்சிஜன் கொட்டினால் சிறு அதிர்விலேயே வெடிக்கலாம். அந்த மூலையை மட்டும் கான்கிரீட்டாகவே விட்டுவிடுவதுதான் சரி.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஏற்கெனவே நிற்கும் மரத்தைக் காப்பாற்றுவதாக வரைபடத்தில் வட்டம் போடுகிறார்கள். அப்புறம் அதே மரத்தடியில் ஜல்லியைக் கொட்டி லாரியை நிறுத்துகிறார்கள். மண் இறுகி வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. மரம் உடனே சாகாது, சில ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும். அதற்குள் திறப்பு விழா முடிந்திருக்கும். வேலை தொடங்கும் முன்பே, கிளை பரவிய அளவுக்கு வெளியே வேலி போட வேண்டும் என்று அனுமதி நிபந்தனையிலேயே எழுதலாமே.

திட்டக் குழுவில் உட்காருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன் நடக்கச் சிரமப்படும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வெளிவாசலிலிருந்து சீட்டு வாங்கும் இடம் வரை வரைபடத்தில் விரலால் தடவிக்கொண்டே போங்கள். எங்கே நிழல், எங்கே பெஞ்ச், எந்த இடத்தில் ஆம்புலன்ஸ் குறுக்கே வரும் என்று அவர் கேட்பார். நட்ட கன்றுகளுக்கு முதல் மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்