தேதிச் சீட்டில் இல்லாத வாசகர்

தக்கலை
ஜூன் 18

அன்புள்ள மணி,

உன் கடிதமும், நூலகப் பயன்பாடு பற்றிய ஆய்வுக்காக உன் மகள் தயாரித்த வினாநிரலும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. மூன்று நாளாக இங்கே நல்ல மழை. வேளிமலை கண்ணுக்கே தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நாற்பது கேள்விகளையும் இரண்டு தடவை படித்தேன். நாம் நூலக அறிவியல் படித்த காலத்தில் நீ தலையில் வைத்துக் கொண்டாடிய, இந்திய நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் உன் வீட்டில் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

கேள்விகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாமே நூலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பவை. 'சேவை திருப்தியாக இருக்கிறதா?' என்று அவரிடம் கேட்டால் 'ஆம்' என்றுதான் சொல்வார். திருப்தி இல்லாதவர் எப்போதோ வருவதை நிறுத்தியிருப்பார். சொத்து வரியோடு ரூபாய்க்குப் 10 காசு நூலக வரியும் கட்டிவிட்டு, நூலகப் படியை மிதிக்காமலே இருக்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பத்து வீட்டுக்காவது அவள் போய்க் கேட்க வேண்டும்.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் நூலகராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், இருப்புச் சரிபார்ப்பு முடிந்ததும், பயன்படாத நூல்களைக் கழிக்கப் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொரு நூலிலும் இரவல் தேதி முத்திரை குத்தும் தேதிச் சீட்டைப் பார்ப்பது, பல வருடங்களாக முத்திரை விழாததைக் கழிவில் சேர்ப்பது, அவ்வளவுதான் வேலை. பழைய வர்ம மருத்துவ நூல் ஒன்று, அட்டை கிழிந்தது, பதினோரு வருடமாக ஒரு முத்திரைகூட இல்லை. அதையும் சேர்த்தேன். எல்லாம் எடைக்குப் போயின.

அடுத்த வாரம் வர்ம வைத்தியம் செய்யும் ஆசான் ஒருவர் வந்தார். தினமும் வருபவர், உறுப்பினர் அல்ல. அலமாரியில் அந்த நூல் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, 'பிள்ளே, அது எங்கே?' என்று கேட்டார். வீட்டுக்கு எடுத்துப் போனால்தானே முத்திரை விழும்? அவர் பதினோரு வருடமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறார். என்னிடம் பதில் இல்லை. பிறகு இரண்டு நாள் வந்தார், அதோடு சரி. 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்று ரங்கநாதன் 1931இல் எழுதிய விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவன் நான். அந்த வாசகர் எதிரில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான், 'படித்த நூலை அலமாரியில் வைக்க வேண்டாம், மேசையிலேயே விடுங்கள்' என்று எழுதி ஒட்டினேன். மாலையில் மேசை மேல் கிடப்பதை எண்ணிக் குறித்துக்கொண்டேன். இரவல் பதிவேட்டில் பெயரே வராத நூல்கள் அந்தக் குறிப்பில் திரும்பத் திரும்ப வந்தன. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் பற்றி 1979இல் வெளிவந்த ஆய்வை உன் மகள் கட்டாயம் படித்திருப்பாள். 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இரவல் போகவில்லை என்று அது சொன்னது. அந்த எண்ணை அவள் மேற்கோள் காட்டட்டும். ஆனால் இரவல் போகாததெல்லாம் வாசிக்கப்படாதது என்று ஒரு வரிகூட எழுதிவிட வேண்டாம் என்று சொல்.

இன்னொன்று, மாதம். வினாநிரலை எந்த மாதம் கொடுக்கிறாள் என்று எங்கும் குறிப்பிடவில்லை. நம் மாவட்டத்தில் அதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும். பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்னே ரப்பர் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து முடித்துக் குளித்து வரும்போது மதியமாகிவிடும். அப்போது நூலகம் பூட்டிக் கிடக்கும். மழை நாளில் வெட்டு இல்லை, அன்று பெஞ்சில் இடம் கிடைக்காது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம். குளச்சல் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் பலர் அப்போது கரையில் இருப்பார்கள். ஜனவரியில் மட்டும் கணக்கெடுத்தால் இவர்களெல்லாம் 'வாசிக்கும் வழக்கம் இல்லாதவர்கள்' ஆகிவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். வாசகருக்கு ஒத்துவராத நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதுவது நியாயமே இல்லை.

இங்கே எல்லாரும் சுகம். என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது தானே பேப்பர் படிக்கிறாள். பேரன் ஆறாம் வகுப்பு.

மகளை ஜூலை முதல் வாரமே அனுப்பிவை, தடைக்காலம் முடிவதற்குள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. குளச்சலுக்கும், ரப்பர் தோட்டங்கள் இருக்கும் அருமனைப் பக்கமும் நானே கூட்டிப்போகிறேன். வீடு வீடாகக் கேட்கும்போது உள்ளூர்க்காரன் ஒருவன் கூட நின்றால் பேசுவார்கள். என் மேசைக் குறிப்பு நோட்டுகள் ஏழு, பரணில் இருக்கின்றன. மழை விட்டதும் இறக்கித் தூசி தட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
தாஸ்